கப்பலூர் அருகே வெடித்த சிவப்பு ஹோஸ்: அரெஸ்டர் இருந்தும் தீ பின்னோக்கிப் பாய்ந்தது எப்படி?

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் சாலையில், கப்பலூருக்குக் கொஞ்சம் முன்னால், டிப்பர் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது. சித்திரைத் திருவிழா வாரத்தில் அங்கே பழைய டிப்பர் ஒன்றின் தரைத் தகட்டைக் கேஸ் கட்டரால் அறுத்துக்கொண்டிருந்தபோது, அசிட்டிலீன் என்ற எரிவாயு ஓடும் சிவப்பு ஹோஸ் வெடித்துக் கிழிந்தது. கட்டரைப் பிடித்திருந்த இளைஞருக்கு இடக்கையில் முழங்கை முதல் மணிக்கட்டு வரை தீக்காயம். தொடையிலும் கொஞ்சம் பட்டிருந்தது. சில வாரங்களில் ஆறியது. சிலிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கேஸ் வெல்டிங் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். விபத்துக்கு மறுநாள் பட்டறை முதலாளி அழைத்து, எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துக் காரணம் சொல்லச் சொன்னார். யார் பெயரும் வரக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு இதை எழுதவும் சம்மதித்தார். தீ ஹோஸ் வழியே பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டரே மாட்டாத பட்டறையில் ஹோஸ் வெடித்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அதில் ஆராய என்ன இருக்கிறது? இங்கே அரெஸ்டர் இருந்தது. காசு கொடுத்து வாங்கி, ரெகுலேட்டரின் வாயில் முறையாக மாட்டியிருந்தார்கள். அப்படியும் தீ அதைக் கடந்து ரெகுலேட்டருக்குள் போயிருந்தது.

அன்று நடந்தது

அழகர் ஆற்றில் இறங்கும் நாள் மதுரை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. கேஸ் டிப்போ அடைத்திருந்தது. பட்டறையிலும் பாதிப் பேர் வரவில்லை. ஆனால் டிப்பரின் சொந்தக்காரருக்குத் திருவிழா முடிந்ததும் வண்டி ஓட வேண்டும். டி.ஏ. சிலிண்டரில், அதாவது அசிட்டிலீன் சிலிண்டரில், கேஸ் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. மாற்றுச் சிலிண்டர் கைவசம் இல்லை. ஆக்சிஜன் சிலிண்டர் மட்டும் புதிதாக மாட்டியது, முக்கால் பங்குக்கு மேல் இருந்தது. ஒன்று காலி, மற்றொன்று நிறைவு. விபத்துக்குத் தேவையான முதல் பொருத்தம் இதுதான்.

காலையிலிருந்தே சுடர் மெலிந்துகொண்டு வந்திருக்கிறது. மேஸ்திரி சிலிண்டரைச் சாய்த்து ஒரு மரக்கட்டையின் மேல் வைத்தார். கடைசிச் சொட்டு எண்ணெயை டின்னைக் கவிழ்த்து எடுப்பது மாதிரி கேஸையும் எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை நம் பட்டறைகளில் பரவலாக உண்டு. அசிட்டிலீன் சிலிண்டர் வெறும் பாத்திரம் அல்ல. உள்ளே முழுக்க நுண்துளைகள் உள்ள ஒரு திடப்பொருள் நிரம்பியிருக்கிறது. அதில் அசிட்டோன் ஊறியிருக்கிறது. அந்த அசிட்டோனில்தான் அசிட்டிலீன் கரைந்து கிடக்கிறது. சாய்த்தால் கேஸ் கூடுதலாக வராது. அசிட்டோன் திரவமாக வெளியே வந்து ரெகுலேட்டரையும் ஹோஸின் ரப்பரையும் கெடுக்கும். அடுத்த முறை சிலிண்டரை நிரப்பும்போது கேஸ் கரைந்து தங்குவதற்கு அசிட்டோனும் குறைந்துபோயிருக்கும்.

தகட்டின் மூலையில் அறுக்கும்போது கட்டரின் முனையில் உள்ள நாசில் இரும்பை உரசுமளவுக்கு நெருங்கிவிட்டது. "டப்" என்று வெடித்துச் சுடர் அணைந்தது. இளைஞர் மீண்டும் பற்றவைத்தார். மறுபடியும் "டப்". நாசிலை இரும்பில் தட்டிவிட்டு மீண்டும் பற்றவைத்தார். இந்தத் தடவை சுடர் வெளியே நிற்கவில்லை. கட்டரின் கழுத்துக்குள்ளிருந்து சீழ்க்கை அடிப்பது போல ஒரு சத்தம் கிளம்பியது. "கைப்பிடி சுட்டது அண்ணே, என்ன என்று பார்ப்பதற்குள் ஹோஸ் வெடித்துவிட்டது" என்றார்.

கேஸ் குறைகிறதே என்று சிலிண்டர் வால்வை அடிக்கடி மூடித் திறந்துகொண்டிருந்ததால் சாவி அதன் தலையிலேயே இருந்தது. உதவியாளர் ஓடிப்போய் அதை மூடிவிட்டார். மற்ற நாட்களில் அந்தச் சாவி மேஸ்திரியின் மேசை இழுப்பறையில் இருக்கும் என்று முதலாளியே ஒப்புக்கொண்டார்.

தீ எப்படிப் பின்னால் போகிறது

நாசிலிலிருந்து கேஸ் வெளியேறும் வேகம் சுடர் பின்னோக்கி எரியும் வேகத்தைவிட அதிகமாக இருக்கும் வரை தீ வெளியேதான் நிற்கும். ஆக்சிஜனோடு கலந்த அசிட்டிலீனில் தீ வினாடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் முன்னேறும். கேஸ் ஓட்டம் குறைந்தாலோ, நாசில் அளவுக்கு மீறிச் சூடேறினாலோ, வாயில் கசடு அடைத்தாலோ தீ உள்ளே ஏறும். நாசிலுக்குள் ஏறி "டப்" என்று அணைந்தால் அது சிறிய விஷயம். உள்ளே உள்ள கலவை அறையில் நின்று எரிய ஆரம்பித்தால் அந்தச் சீழ்க்கைச் சத்தம் கேட்கும். கட்டரையும் தாண்டி ஹோஸுக்குள் பாய்ந்தால் அதுதான் ஃபிளாஷ்பேக்.

ஆனால் ஹோஸில் அசிட்டிலீன் மட்டும் இருந்தால் தீ உள்ளே ஓடுவதற்கு ஆக்சிஜன் ஏது? இங்கேதான் காலிச் சிலிண்டர் வருகிறது. கட்டிங்குக்காக ஆக்சிஜன் ரெகுலேட்டரில் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ அழுத்தம் வைத்திருந்தார்கள். அசிட்டிலீன் பக்கம் 0.3 கிலோகூட நிலையாக நிற்கவில்லை. நாசிலின் வாயில் உருகிய இரும்பு ஒட்டி வழி குறுகியதும், அழுத்தம் மிகுந்த ஆக்சிஜன் வெளியே போக இடமில்லாமல், அழுத்தம் குறைந்த அசிட்டிலீன் ஹோஸுக்குள் எதிர்த்திசையில் நுழைந்தது. சுடர் அணைந்து மீண்டும் பற்றவைப்பதற்குள் சிவப்பு ஹோஸின் ஒரு பகுதி முழுவதும் வெடிகலவை. ஹோஸில் தங்கியதை வெளியேற்றிவிட்டுப் பற்றவைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். அவரோ உடனே லைட்டரைத் தட்டினார். குறுகிய குழாய்க்குள் ஓடும் தீ வேகம் கூடிக்கூடி ஒலியையே மிஞ்சும் வெடிப்பலையாக மாறக்கூடியது. எந்த ரப்பரும் அதைத் தாங்காது.

இந்த எதிரோட்டத்தைத் தடுக்கக் கட்டரின் பின்புறம் என்.ஆர்.வி. எனப்படும் ஒருவழி வால்வு ஒன்று மாட்டியிருந்தது. கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் சிறு தட்டு கரியும் ரப்பர்த் தூளும் படிந்து பாதி திறந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. என்.ஆர்.வி. நன்றாக வேலை செய்தாலும் எதிரோட்டத்தை மட்டுமே தடுக்கும். ஏற்கெனவே கலவை உள்ளே இருந்து தீயும் வந்துவிட்டால் அதனால் தீயை அணைக்க முடியாது.

ஹோஸைக் கீறிப் பார்த்தபோது

கிழிசல் கட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருந்தது. உதடுகள் வெளிப்பக்கம் மடிந்திருந்தன. அங்கிருந்து ரெகுலேட்டர் வரை ஒவ்வொரு முழமாக ஹோஸை நெடுக்காகக் கீறினேன். கடைசித் துண்டு வரை உட்புறத்தில் வெல்வெட் போன்ற மெல்லிய கரி. நீல ஹோஸ், அதாவது ஆக்சிஜன் ஹோஸ், உள்ளே சுத்தமாக இருந்தது. ஆக, தீ போனது அசிட்டிலீன் பாதையில் மட்டும். ரெகுலேட்டரின் வெளிவாயில் கரி. குறைந்த அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் அதைத் தடுக்கும் முளையைத் தாண்டி வளைந்து நின்றது.

வழியில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிவப்பு ஹோஸ் நடுவில் ஒருமுறை அறுந்து, செம்புக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகிக் கட்டுக்கம்பியால் இறுக்கியிருந்தார்கள். ஏசி மெக்கானிக்கிடம் வாங்கிய துண்டாம். அசிட்டிலீன் செம்போடு நெடுநாள் சேர்ந்திருந்தால் அசிட்டிலைடு என்ற, தட்டினாலே வெடிக்கும் பொருள் உருவாகும். இந்த விபத்துக்கு அது காரணம் அல்ல. ஆனால் அடுத்ததற்குக் காத்திருந்தது. அதை அங்கேயே ஓரமாக எடுத்து வைத்தேன்.

பிறகு அரெஸ்டர். வெளியே பார்த்தால் நல்ல பித்தளை உருளை, கேஸ் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி, அசிட்டிலீனுக்கு உரிய இடதுமரை. ஆனால் உடலின் இரண்டு பக்கமும் வைஸ் கவ்விய பல்தடம் இருந்தது. மூட்டில் வெள்ளை டெஃப்ளான் டேப். எந்தத் தயாரிப்பாளரும் அரெஸ்டரின் நடு மூட்டில் டெஃப்ளான் சுற்றி அனுப்புவதில்லை. திறந்தேன். உள்ளே எதுவும் இல்லை. ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனையில் வெளிச்சம் தெரிந்தது.

"உள்ளே இருந்த சாமான் எங்கே?" என்று கேட்டேன். மேஸ்திரி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு பழைய நாசில்கள் போட்டு வைக்கும் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கவிழ்த்தார். ஒரு ஸ்பிரிங், ஒரு சிறு தட்டு, விரல் கணு அளவில் ஒரு சாம்பல்நிற உலோக உருளை.

அந்த உருளை

எஃகுத் தூளை அச்சில் அழுத்தி, உருகாத அளவுக்குச் சூடாக்கி ஒட்டவைத்தது அது. கையில் எடுத்தால் திட உலோகம் போலத்தான் இருக்கும். வாயில் வைத்து ஊதினால் காற்று போகும். துகள்களுக்கு இடையே உள்ள கண்ணுக்குத் தெரியாத வழிகளில் கேஸ் வளைந்து வளைந்து போகும். தீ நுழைந்தால் அந்தச் சுவர்கள் அதன் வெப்பத்தை உறிஞ்சி, எரிவதற்குத் தேவையான சூட்டுக்குக் கீழே இறக்கிவிடும்.

இந்தத் தத்துவம் சுரங்க விளக்கிலிருந்து வந்தது. 1815-இல் ஹம்ஃப்ரி டேவி, விளக்கைச் சுற்றிக் கம்பி வலை போட்டால் உள்ளே எரியும் தீ வெளியே உள்ள மீத்தேனைப் பற்றவைக்காது என்று காட்டினார். 1836-இல் அசிட்டிலீனைக் கண்டறிந்த எட்மண்ட் டேவி அவருடைய உறவுமுறைச் சகோதரர். ஒரே குடும்பத்தில் ஒருவர் தீயை நிறுத்தும் வழியையும் மற்றவர் அந்த வழிக்குக் கட்டுப்படாத கேஸையும் கொடுத்திருக்கிறார்கள். கட்டுப்படாத என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. காற்றோடு கலந்த மீத்தேனின் தீ 1.14 மில்லிமீட்டருக்குக் குறைவான இடுக்கில் நுழைந்து வெளியேற முடியாது. அசிட்டிலீனுக்கு அந்த அளவு 0.37 மில்லிமீட்டர். காற்றுக்குப் பதில் சுத்த ஆக்சிஜன் என்றால் இடுக்கு இன்னும் பல மடங்கு சிறுக்க வேண்டும். அதனால்தான் வலைக்குப் பதிலாக இந்த உருளை.

அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கட்டரை நோக்கியிருந்த முகம் கன்னங்கரேலென்று இருந்தது. சிலிண்டரை நோக்கியிருந்த முகம் புத்தம் புதிதாக, சாம்பல் நிறத்தில் மின்னியது. கரி ஒரு பக்கத்தில் வந்து நின்றுவிட்டது, மறுபக்கம் போகவில்லை. கூடவே கிடந்த தட்டின் தண்டில், ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருந்த ஈயக்கலவை உருகி வழிந்த தடம். உடல் சுமார் 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அந்தக் கலவை உருகும். ஸ்பிரிங் விடுபட்டுத் தட்டை அழுத்தி, கேஸ் பாதையை நிரந்தரமாக அடைத்துவிடும்.

அதாவது சித்திரையில் நடந்தது முதல் ஃபிளாஷ்பேக் அல்ல. அதற்கு முன்பே ஒன்று நடந்திருக்கிறது. அதை இந்த அரெஸ்டர் முழுதாகத் தடுத்து, கேஸையும் நிறுத்தியிருக்கிறது.

ஏன் பிடுங்கினார்கள்

மாசி மாதத்தில் ஒரு நாள் இதே போலச் சீழ்க்கைச் சத்தம் கேட்டு, கட்டரை மூடியிருக்கிறார்கள். அதன்பின் அசிட்டிலீன் வரவில்லை. சிலிண்டரில் கேஸ் இருக்கிறது, ரெகுலேட்டர் காட்டுகிறது, ஹோஸில் மட்டும் இல்லை. அரெஸ்டரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் கேஸ் வருகிறது. "அடைத்துக்கொண்டது சார், ஓடுகிற கேஸை அடைக்கிற சனியன் எதற்கு என்று உள்ளே இருந்ததைத் தட்டி எடுத்துவிட்டேன். வெளிக்கூடு இருந்தால் மரை கச்சிதமாகப் பொருந்துகிறது, இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்களுக்கும் காட்டலாம்" என்றார் மேஸ்திரி. அவர் பொய் சொல்லவில்லை. தன் கணக்குப்படி ஒரு பழுதைச் சரிசெய்திருக்கிறார். அவரைக் குறை சொல்வது எளிது. அரெஸ்டரை விற்ற கடையில் ஒருவராவது "இது ஒருநாள் திடீரென்று கேஸை நிறுத்தினால் அது கெட்டுப்போகவில்லை, வேலை செய்திருக்கிறது, அப்படியே எடுத்துக் கடாசிவிட்டுப் புதிது போடுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். பெட்டிக்குள் இருந்த துண்டுச்சீட்டில் அது ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்ததாம்.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். அந்த அரெஸ்டர் மேல் மேஸ்திரிக்கு முதலிலிருந்தே கோபம் இருந்தது. அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. கேஸ் நுண்துளைகள் வழியே போகும்போது அழுத்தம் குறையத்தான் செய்யும். அசிட்டிலீனை 1 கிலோவுக்கு மேல் வைத்து ஓட்டவே கூடாது. அழுத்தம் கூடினால் ஆக்சிஜன் இல்லாமலேயே அது தானாகச் சிதைந்து வெடிக்கக்கூடிய கேஸ். எனவே கையில் இருக்கும் அழுத்தமே சொற்பம். அதில் அரெஸ்டர் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இவர்கள் வாங்கியது சிறிய வெல்டிங் வேலைக்கான மாதிரி. அதன் வழியே கனத்த தகடு அறுக்கும் பெரிய நாசிலுக்கு வேண்டிய கேஸ் போகவில்லை. போதாத கேஸ் என்றால் வேகம் குறைந்த கேஸ். வேகம் குறைந்தால் தீ உள்ளே ஏறும். மாசியில் நடந்த முதல் ஃபிளாஷ்பேக்குக்கு அந்தச் சிறிய அரெஸ்டரே ஒரு காரணம் என்பது என் கணிப்பு. தானே வரவழைத்த தீயைத் தானே தடுத்திருக்கிறது.

சிலிண்டரும் இதே கணக்கில்தான் வரும். ஒரு மணி நேரத்தில் அதன் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொதுவான விதி. 7 கன மீட்டர் சிலிண்டர் என்றால் மணிக்கு 1 கன மீட்டர். பெரிய நாசிலைப் போட்டு, வளைந்த சேஸிஸைச் சூடாக்கும் பட்டறைகள் இதை எப்போதோ தாண்டிவிட்டன. அவர்களுக்கு இரண்டு சிலிண்டர்களை இணைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது

மதுரையில் ஹார்டுவேர்க் கடைகளில் என்.ஆர்.வி.யையே அரெஸ்டர் என்று சொல்லிக் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டும் பித்தளை, இரண்டிலும் அம்புக்குறி. விலை மட்டும் பல மடங்கு வேறு. உடலில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் பார்த்தால் ஏமாற முடியாது. ஐ.எஸ்.ஓ. 5175 தரப்படி செய்ததில் எஃப்.ஏ. (FA) என்றால் தீயை அணைக்கும் உருளை உண்டு, என்.வி. (NV) என்றால் ஒருவழி வால்வு, டி.வி. (TV) என்றால் சூட்டில் அடைக்கும் வால்வு, பி.வி. (PV) என்றால் அழுத்தத்தில் அடைக்கும் வால்வு. என்.வி. மட்டும் இருந்தால் அது அரெஸ்டர் இல்லை. கேஸுக்கும் எழுத்து உண்டு: அசிட்டிலீனுக்கு ஏ (A), ஆக்சிஜனுக்கு ஓ (O), எல்.பி.ஜி.க்கு பி (P). எல்.பி.ஜி. கட்டிங்குக்கு மாறிய பட்டறைகள் பழைய அசிட்டிலீன் அரெஸ்டரையே போட்டு ஓட்டுவதற்கு முன் இந்த எழுத்தையும், தயாரிப்பாளர் தரும் கேஸ் ஓட்ட அளவையும் பார்க்க வேண்டும். இந்தியத் தரம் ஐ.எஸ். 11006.

இந்தப் பட்டறையில் இப்போது இரண்டு ரெகுலேட்டர்களிலும் எஃப்.ஏ., என்.வி., டி.வி. மூன்றும் உள்ள அரெஸ்டர்கள் இருக்கின்றன. அசிட்டிலீனுக்கு வாங்கியது அவர்களுடைய பெரிய நாசிலின் கேஸ் தேவைக்கு மேலேயே தாங்கும் மாதிரி. மாட்டிய அன்று மேஸ்திரியைக் கொண்டே அறுக்கச் சொன்னேன். அரெஸ்டர் இல்லாமல் எப்படி அறுத்தாரோ அப்படியே அறுத்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த தகட்டுக்குப் போனார். கட்டரின் பின்புறம் புதிய என்.ஆர்.வி.கள். ஆக்சிஜன் பக்கம் எதற்கு என்று முதலாளி கேட்டார். அசிட்டிலீன் அழுத்தம் அதிகமாக இருந்து ஆக்சிஜன் தீர்ந்துபோகும் நாளில் எதிரோட்டம் நீல ஹோஸுக்குள் போகும் என்று சொன்னதும் அதற்கும் பணம் கொடுத்தார்.

சீழ்க்கைச் சத்தம் கேட்டால் என்ன செய்வது என்பதைத்தான் எல்லோரும் கூடி நின்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். முதலில் கட்டரில் ஆக்சிஜன் வால்வை மூட வேண்டும். உள்ளே எரியும் தீ அதோடு சாகும். அடுத்து அசிட்டிலீன் வால்வு. பிறகு இரண்டு சிலிண்டர்களும். அதன்பின் அசிட்டிலீன் சிலிண்டரைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் உள்ளே சிதைவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை நகர்த்தவோ, வால்வைத் திறந்து கேஸை விடவோ கூடாது. எல்லோரும் விலகி, 101-க்கு அழைத்து, மறைவிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். சித்திரையில் இவர்கள் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சிலிண்டர் கிட்டத்தட்டக் காலியாக இருந்தது, அழுத்தம் குறைந்த அசிட்டிலீன் சிதைவது கடினம், ஹோஸ் கிழிந்து அழுத்தம் வெளியேறிவிட்டது, சாவி தலையில் இருந்தது. இத்தனையும் சேர்ந்துதான் அன்று காப்பாற்றின. அரெஸ்டரின் வெற்றுக்கூட்டுக்கு அதில் பங்கில்லை.

வருடத்துக்கு ஒருமுறை அரெஸ்டர்களைக் கழற்றி, எண்ணெய்ப் பசை இல்லாத காற்றை எதிர்த்திசையில் குறைந்த அழுத்தத்தில் விட்டு, மறுமுனையைத் தண்ணீர்க் குவளைக்குள் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். குமிழி வந்தால் என்.ஆர்.வி. போய்விட்டது, திறக்காமல் மாற்ற வேண்டும். தயாரிப்பாளர் குறித்திருக்கும் ஆயுள் முடிந்தாலும் மாற்ற வேண்டும், அது ஒருமுறைகூடத் தீயைப் பார்க்காவிட்டாலும். மாட்டிய மாதத்தையும் ஆண்டையும் பெயிண்டால் அதன் உடலிலேயே எழுதச் சொன்னேன். மேஸ்திரி எழுதினார். கூடவே, "கேஸ் வராவிட்டால் திறக்காதே, முதலாளியிடம் கொடு" என்று ஒரு வரியைச் சுவரில் தானாகவே சேர்த்து எழுதியிருக்கிறார். பிஸ்கட் டின்னில் கிடந்த கரிபடிந்த உருளையை நான் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். அடுத்து எந்தப் பட்டறையில் "அடைத்துக்கொண்டது" என்று சொன்னாலும் அதன் இரண்டு முகங்களையும் திருப்பிக் காட்டுகிறேன்.